அசலா, சொந்தமா?

மார்ச் 4, திங்கள்

காலையில் இரண்டு போர்வை, மூன்று பாவாடை, ஒரு தலையணை உறை துவைத்தேன். எல்லாவற்றிலும் கனிஷ்கா போய் வைத்திருந்தாள். ரத்தம் பட்ட துணிகளைத் தனியாக உப்புத் தண்ணீரில் ஊறப் போட்டேன். மாமா விடியும் முன்பே ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போடியிலிருந்து மலைமேல் ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போவதுதான் அவர் வேலை.

பொங்கலிலிருந்து கனிஷ்காவுக்குக் காச நோய் மாத்திரை கொடுக்கிறோம். குடலில் காசம் என்று கடைத்தெரு டாக்டர் சொன்னார். விடாமல் ஆறு மாதம் கொடுத்தால் சரியாகிவிடுமாம். மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது. "அம்மா, சூசு" என்று காட்டிச் சிரிக்கிறாள். இரண்டரை வயது. பேதி போவது மட்டும் நிற்கவில்லை. ஆசனவாயைச் சுற்றிப் புதிதாக ஒரு புண் சீழ் கோத்திருக்கிறது.

அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு ஏலக்காய்க் கிட்டங்கிக்குக் காய் பொறுக்கித் தரம் பிரிக்கப் போனேன்.

மார்ச் 12, செவ்வாய்

அங்கன்வாடியில் எடை போட்டார்கள். போன மாதத்தைவிடக் குறைவு. டீச்சர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டியம்மாதான், "பிள்ளைக்குச் சோறு போடுறியா, இல்ல எல்லாத்தையும் நீயே திங்கிறியா?" என்று கேட்டது. கனிஷ்கா அந்த அம்மாளின் சேலை நுனியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் அம்மா யாரிடமோ மந்திரித்த தண்ணீர் வாங்கி வந்து தெளித்தாள். தோஷம் தட்டியிருக்கிறதாம். தெளித்துவிட்டுப் போகட்டும்.

மார்ச் 21, வியாழன்

கிட்டங்கியில் இன்று உட்கார முடியவில்லை. ஆறு வருஷமாகக் காய் பொறுக்குகிறேன், ஏலக்காய் வாசனை ஒருநாளும் எனக்குக் குமட்டியதில்லை. வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். வெயில்தான். தூக்கமும் இல்லை. உடம்பு அலைச்சலில் மாதக் கணக்குகூட முன்பின்னாகப் போகிறது.

மாமா வந்ததும் சொன்னார், கடைத்தெரு டாக்டர் கைவிரித்துவிட்டாராம். "மதுரைக்குக் கொண்டு போங்க, அங்க சின்னப் பிள்ளைக குடல் மட்டும் பாக்கிற டாக்டர் இருக்காங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மார்ச் 26, செவ்வாய்

மதுரை. பெரிய ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கவே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கனிஷ்காவைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்.

சின்ன வயது டாக்டர் ஒருவர் வந்து எல்லாம் கேட்டு எழுதினார். எப்போது ஆரம்பித்தது? நாலாம் மாதத்தில். காய்ச்சல் வருமா? வரும். வாயில் புண்? உண்டு.

"கல்யாணம் அசலா, சொந்தமா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. "அசல்தாங்க."

"இதுக்கு முன்னாடி பிள்ளை?"

"இல்லைங்க. இதான் மொதப் பிள்ளை."

டாக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அப்போது கனிஷ்காவுக்குத் துணி மாற்றிக்கொண்டிருந்தேன்.

மாமா என் அம்மாவுக்கு உடன்பிறந்த தம்பி. எங்களுக்கு மூத்தவன் ஒருவன் இருந்தான், தருண். ஏழு மாதத்தில் போய்விட்டான். அவனை எடுத்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "தாய்மாமனக் கட்டிக்கிட்டா பிள்ளை இப்படித்தாம்மா பிறக்கும்" என்றார். பின்னால் நின்ற பெண்கள் சேலையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. அதன்பிறகு எங்கே கேட்டாலும் அசல் என்றுதான் சொல்வார். தருணைப் பற்றிப் பேசக் கூடாது என்பது அம்மா போட்ட கட்டளை. செத்த பிள்ளை பேச்சு இருக்கிற பிள்ளைக்கு ஆகாதாம்.

மாத்திரைக்கும் ஊசிக்கும் நாங்கள் யார் என்பது எதற்கு?

ஏப்ரல் 3, புதன்

கனிஷ்காவை மயக்கி, குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஊசி என்று வந்தாலே இந்த வார்டில் அவள் பேரம் பேசுகிறாள். "நாளைக்குப் போடு, இன்னிக்கு வேணாம்." நர்சுகளுக்கு அவள் பேர் இப்போது 'நாளைக்கு பாப்பா'.

குழாய் விட்ட அறைக்கு வெளியே மாமா நின்றுகொண்டே இருந்தார். நான் உட்கார்ந்திருந்தேன். வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரி மருந்து வாடை.

ஏப்ரல் 9, செவ்வாய்

பெரிய டாக்டர் பேர் ஜெசிந்தா. நாற்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவைத்துக்கொண்டு பேசுவார்கள். குடல் முழுக்கப் புண்ணாம். எடுத்த சதையில் காசக் கிருமி தெரியவில்லையாம்.

"தெரியலைன்னா இல்லைன்னு அர்த்தமில்ல. காசமும், குடல் தானா புண்ணாகிற இன்னொரு நோயும் பாக்க ஒரே மாதிரி இருக்கும். நம்ம ஊர்ல காசம் அதிகம், அதனால அதையே முதல்ல நெனைப்போம். ஆனா மூணு மாசமா மாத்திரை கேக்கலையே" என்றார்கள். என்னிடம் சொல்வதைவிடத் தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. "இவ்வளவு சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு புண்ணு வர ஒரு காரணம் இருக்கணும். குடும்பத்துல யாருக்காவது இப்படி?"

மாமா, "இல்லைங்க மேடம்" என்றார்.

என்னையும் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன்.

காச மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள். ஸ்டீராய்டு.

ஏப்ரல் 17, புதன்

கனிஷ்கா இட்லி கேட்டாள். ஒன்றரை இட்லி தின்றாள். கன்னம் உப்பியிருக்கிறது. போனில் படம் அனுப்பினோம். அம்மா அழுதுகொண்டே, "எம் பேத்தி தேறிட்டாத்தா" என்றாள். கன்னம் உப்புவது மருந்தால்தான், தேறினதால் இல்லை என்று நர்ஸ் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. ரத்தம் நின்றிருக்கிறது, அது பொய்யில்லையே.

இரவு நன்றாகத் தூங்கினோம், மூன்று பேரும்.

ஏப்ரல் 24, புதன்

அழகர் ஆற்றில் இறங்கிய கூட்டம் இன்னும் கலையவில்லை. அந்த நெரிசலில் அம்மா போடியிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள். மாமா கீழே போய்க் கூட்டி வந்தார். கதவுக்கு வரும்போதே அவர் குரல் கேட்டது.

"அக்கா, பைய இங்கிட்டுக் குடு. வழுக்கும், பாத்து வா."

ஜெசிந்தா மேடம் பக்கத்துக் கட்டிலில் ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்தார்கள்.

"இவங்க யாரு?"

"மீனாவோட அம்மாங்க" என்றார் மாமா.

"மாமியாரையா அக்கான்னு கூப்பிடுறீங்க?"

மாமா பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அம்மா பேசினாள். நாங்கள் இங்கே என்ன சொல்லிவைத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

"நான் தூக்கி வளத்த தம்பி மேடம் இவன். எங்க அம்மா சாகும்போது இவனுக்கு நாலு வயசு. வெளிய குடுக்க மனசில்லாமத்தான் எம் மகளையே குடுத்தேன். ராசாத்தி மாதிரி வச்சிருக்கான், அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. பிள்ளை விசயத்துலதான் சாமி கண்ண மூடிக்கிச்சு. மூத்தவனும் இதே மாதிரிதான் போயிப் போயிச் செத்தான்."

மேடம் பேனாவை மூடி வைத்தார்கள்.

"மூத்தவனா?"

அம்மா அப்போதுதான் எங்கள் முகத்தைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

திட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். மேடம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தார்கள். "இதை முன்னாடியே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். பிறகு, "சரி. இப்பச் சொல்லுங்க. அந்தப் பிள்ளையப் பத்தி, மொதல்லேர்ந்து" என்றார்கள்.

மாமா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுவிட்டார். நான்தான் சொன்னேன். இரண்டாம் மாதத்தில் வாயில் புண் வந்தது. பிறகு பேதி. பிறகு ரத்தம். பின்பக்கம் சீழ். பால் கொடுத்தால் குடிக்க முடியாமல் கத்துவான். சொல்லச் சொல்ல எனக்கே கேட்டது, கனிஷ்காவுக்கும் இதே வரிசையில்தான் எல்லாம் வந்தது என்று.

மாமாவிடம், என்னிடம், கனிஷ்காவிடம் ரத்தம் எடுத்தார்கள். பெங்களூருக்கு அனுப்புவார்களாம். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பணம் கட்ட வேண்டாம், ஆராய்ச்சிக் கணக்கில் சேர்த்துவிட்டேன் என்றார்கள் மேடம்.

மே 6, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்த நாலாம் நாளே ரத்தம் திரும்ப வந்துவிட்டது.

மாமா இன்று சாப்பிடும்போது கேட்டார். "நான்தான் பொய் சொன்னேன். நீ அங்கதான இருந்த. ஏன் பேசாம இருந்த?"

துணி மாற்றிக்கொண்டிருந்தேன் என்றேன்.

மே 19, ஞாயிறு

பாவாடை நாடாவைத் தளர்த்திக் கட்ட வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தே இருந்தது உடம்பில் ஒட்டிவிட்டது போல.

கனிஷ்காவுக்கு நடக்கப் பிடிக்கவில்லை. தூக்கு என்று கையை நீட்டுகிறாள். இடுப்பில் வைத்தால் எலும்பு குத்துகிறது. ஆனால் வாய் குறையவில்லை. எதிர்வீட்டுக் கோழி எங்கள் வாசலுக்கு வந்தால் கட்டிலில் இருந்தபடியே அதை வேலை வாங்குகிறாள். "ஏய், அங்கிட்டுப் போ. அங்கிட்டுன்னு சொல்றேன்ல."

ஜூன் 10, திங்கள்

பதில் வந்துவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். அம்மாவிடம் கனிஷ்காவை விடவில்லை, தூக்கிக்கொண்டே போனோம்.

மேடம் அறையில் எங்கள் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்கள். மாமா ஜீப் ஓட்டுகிறவர் என்பதை ஞாபகம் வைத்திருந்தார்கள்.

"நம்ம குடலுக்குள்ள எப்பவும் ஒரு சண்டை நடந்துக்கிட்டே இருக்கும். வெளியேருந்து வர்ற கிருமியோட உடம்பு சண்டை போடும். போதும்னு ஆனதும் நிறுத்தணும். அதுக்கு ஒரு பிரேக் இருக்கு. கனிஷ்கா உடம்புல அந்தப் பிரேக் பிறக்கும்போதே இல்ல. அதனால சண்டை அவ குடலையே கிழிக்குது."

மாமா கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏன் இல்லாமப் போச்சு?"

"உங்ககிட்ட ஒரு பாதி கோளாறு. மீனாகிட்ட அதே பாதி கோளாறு. பாதி இருந்தா ஒண்ணும் செய்யாது, நீங்க ரெண்டு பேரும் நல்லாத்தான இருக்கீங்க? ரெண்டு பாதியும் ஒரே பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தா நோய். ஒரே வீட்டு ரத்தங்கிறதால ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கோளாறு. தருணுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கும்."

"அன்னைக்கே நான் உண்மையச் சொல்லியிருந்தா?"

மேடம் நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்கள். "ஒரு மாசம் முன்னாடி தெரிஞ்சிருக்கும். அதை நெனச்சு உக்காராதீங்க. உங்களைச் சொல்ல விடாமப் பண்ணினது எங்க ஆளுகளும்தான்" என்றார்கள்.

மருந்து இதை அடக்கி வைக்குமே தவிர தீர்க்காதாம். தீர வேண்டுமென்றால் எலும்பு மஜ்ஜையை மாற்ற வேண்டும். அதற்குப் பொருந்துகிற ஆள் வேண்டும். கூடப்பிறந்த பிள்ளையாக இருந்தால் மிக நல்லது. அதே நோய் இல்லாத பிள்ளை.

"இப்ப இல்லாட்டியும், பின்னாடி எப்பவாவது அடுத்த பிள்ளைன்னு நெனச்சீங்கன்னா, முன்கூட்டியே எங்ககிட்ட வந்து..."

"இருக்கு மேடம்" என்றேன்.

யார் சொன்னது என்று எனக்கே ஒரு நொடி விளங்கவில்லை. கனிஷ்கா என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். நாலு மாதம் முடிந்துவிட்டது. வெளியே வந்ததும் மாமா சொன்னார், "எனக்குத் தெரியும்." எப்படி என்று கேட்டேன். "ரெண்டு தடவை பாத்திருக்கேன்ல உன்னய. நீயா சொல்லுவன்னு இருந்தேன்." பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

ஜூன் 12, புதன்

அம்மாவிடம் சொன்னோம். முதலில் வயிற்றுப் பிள்ளையைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். அப்புறம் மற்றதைச் சொன்னார் மாமா.

"அப்ப எனக்கும் அந்தப் பாதி இருக்கா?"

"இருக்கும்க்கா."

"என்னய ஒண்ணும் செய்யலயே. நாப்பத்தெட்டு வயசாச்சு, ஒரு தலைவலின்னு படுத்ததில்ல."

"பாதி ஒண்ணும் செய்யாதுக்கா."

அம்மா கேட்டாள். "அப்ப நான்தான் கொண்டுவந்து சேத்தேனா?" மாமா, "யாரும் சேக்கலக்கா" என்றார். அவள் கேட்கவில்லை. கனிஷ்காவின் காலடியில் போய் உட்கார்ந்து, அந்தச் சின்னக் காலைப் பிடித்து விட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை கூச்சத்தில் சிரித்தது.

ஜூன் 18, செவ்வாய்

வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். இந்தப் பிள்ளைக்கு நோய் இருக்கிறதா, கனிஷ்காவுக்குப் பொருந்துமா, இரண்டும் பார்ப்பார்களாம். நோய் இருக்கிறது என்று வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுத்துக்கொள்ளுங்கள், நாள் அதிகம் இல்லை என்றார்கள். அதைப் பற்றி எழுத இஷ்டமில்லை.

பிள்ளை அசைகிறது.

ஜூன் 23, ஞாயிறு

மாமா புதுப் பக்கெட் ஒன்று வாங்கி வந்தார். பழையது விரிசல் விட்டிருந்தது.

ஜூன் 29, சனி

கனிஷ்காவுக்குக் காய்ச்சல். சாறு கொடுத்தால் துப்புகிறாள். மலைமேல் மழை, சாலையில் மண் சரிந்து ஜீப் ஓடவில்லை, அதனால் மாமா வீட்டில் இருந்தார். மதுரைக்குக் கிளம்பலாம் என்றேன். விடியட்டும் என்றார். விடிந்ததும் குறைந்த மாதிரி இருந்தது. பிறகு ஏறியது.

ஜூலை 1, திங்கள்

மதுரை வரை தாங்காது என்று மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டதாம். நல்லபடியாகத்தான் பார்க்கிறார்கள். ஒரு டாக்டர் பையன் ராத்திரி முழுக்கக் கட்டிலை விட்டு நகரவில்லை. நரம்பு கிடைக்காமல் காலில், கையில், கடைசியில் தலையில் ஊசி ஏற்றினார்கள். தலையில் ஒரு பக்கம் முடியை மழித்தார்கள். அந்த முடியை நான் மடியில் முடிந்துகொண்டேன்.

அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே வர மாட்டேன் என்கிறாள்.

ஜூலை 4, வியாழன்

கனிஷ்கா நேற்றுக் காலை இறந்துபோனாள்.

ஜூலை 5, வெள்ளி

அன்றைக்கே புதைத்தோம், தருணுக்குப் பக்கத்தில்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது, குழிக்குள் மண் ஈரமாக இருந்தது. மாமா போட்டிருந்த சட்டையைக் கழற்றி உள்ளே விரித்துவிட்டு, வெற்று உடம்போடு நின்றார். பெண்கள் அங்கே போகக் கூடாது என்றார்கள். நான் போனேன். யாரும் தடுக்கவில்லை.

ஜூலை 10, புதன்

அம்மா வரவில்லை. சோறு வடித்துக் கொடுத்தனுப்புகிறாள். என் தம்பிக்கு எங்கள் பெரிய மாமா மகளைப் பேசி வைத்திருந்தது. வேண்டாம் என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். காரணம் கேட்டார்களாம். எம் மகளுக்குச் செய்தது போதும் என்றாளாம். பெரிய மாமா வீட்டில் இனி எங்களோடு பேச்சில்லை.

துவைக்கத் துணியே இல்லை. காலையில் எழுந்து என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஜூலை 15, திங்கள்

கிட்டங்கிக்குப் போனேன். வீட்டில் இருந்தால் கட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கூட இருக்கிற பெண்கள் என் தட்டிலிருந்து பாதிக் காயை அள்ளித் தங்கள் தட்டில் போட்டுக்கொண்டார்கள்.

மதியம் போன் அடித்தது. ஜெசிந்தா மேடம். வெளியே வந்து எடுத்தேன்.

"மீனா, நல்லாருக்கீங்களா? ரெண்டு சேதி. ரெண்டும் நல்ல சேதி. வயித்துல இருக்கிற பிள்ளைக்கு நோய் இல்ல. அது மட்டுமில்ல, கனிஷ்காவுக்கு அப்படியே பொருந்துது. இப்படி அமையறது ரொம்ப அபூர்வம்."

மேடத்தின் குரல் ஓடிக்கொண்டிருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியில் சேர்த்ததைக்கூட யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. சொல்ல வாய் திறந்தேன். அவர்கள் மூச்சு விடாமல் பேசினார்கள். சென்னையில் ஓரிடத்தில் பேசிவிட்டார்களாம். பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தைச் சேர்த்து வைக்க ஏற்பாடு செய்வார்களாம். அதுவரைக்கும் கனிஷ்காவை எப்படிக் காப்பாற்றிக் கொண்டுவருவது என்பதுதான் இனி நம் வேலை என்றார்கள்.

"சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

காய் மூட்டைச் சீட்டு ஒன்று கீழே கிடந்தது. கணக்கப்பிள்ளையிடம் பேனா வாங்கி, வாசற்படியில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரே வேளையில் நிறையக் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, எட்டு வேளை. பாலுக்குப் பதில் ஆஸ்பத்திரிப் பவுடர். தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றியது. கூட்டத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. சளி பிடித்தவர்கள் தூக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் விடியட்டும் என்று இருக்கக் கூடாது, அப்போதே கிளம்பிவிட வேண்டும்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன் மேடம்."

"தைரியமா இருங்க. நாலு மாசம்தான். இழுத்துப் பிடிச்சிருவோம்."

"சரிங்க மேடம்" என்றேன்.

மாமா இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. வந்ததும் இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று சொல்ல வேண்டும். பிறகு அவரையே மேடத்துக்கு ஒரு போன் போட்டு மற்றதைச் சொல்லிவிடச் சொல்ல வேண்டும். என்னால் ஆகாது.